பூஜையில் வைத்த புஸ்தகங்கள்

செஞ்சி,
30-9-1967, சனிக்கிழமை.

என் செல்ல மகள் செந்தாமரைக்கு, உன் அம்மா திருநீறு எடுத்து உன் நெற்றி இருக்கும் திசை பார்த்துப் பூசி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீ பதிலுக்கு என்ன எழுதுவாய் என்று எனக்கு இப்போதே தெரியும், சௌக்கியம், கவலை வேண்டாம், நன்றாகப் படிக்கிறேன் என்று மூன்று வரி. அந்த மூன்று வரியைப் படித்துப் படித்து எனக்குப் புளித்துவிட்டது. உன் துரைராஜ் மாமா எழுதிய கடிதம் நேற்று முன்தினம் வந்தது. அவன் என் தம்பி, சின்ன வயசிலிருந்தே அக்காவிடம் ஒன்றையும் மறைக்கத் தெரியாதவன், எல்லாவற்றையும் எழுதிவிட்டான். பம்பாயில் அவன் வீட்டு மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தாயாமே, முழங்கை கிழிந்து தையல் போட்டார்களாமே, இதெல்லாம் உன் சௌக்கியத்தில் சேர்த்தியா? கண் திறந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் புஸ்தகம் எங்கே என்று கேட்டாயாம். வந்து பார்த்த டாக்டர், நரம்பெல்லாம் தளர்ந்து போயிருக்கிறது, பத்து நாளாவது புஸ்தகத்தைத் தொடக் கூடாது, தொட்டால் பரீட்சை வரைக்கும் தாங்கமாட்டாள் என்றாராம். நீயோ பத்து நிமிஷம்கூட முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாயாம். டாக்டருக்குப் படிக்கப் போகிறவள் டாக்டர் பேச்சைக் கேட்கமாட்டாளாம், நல்ல கூத்தடி இது.

அதுகூட எனக்குப் பெரிசில்லை. ஜெயம் அத்தை உன்னைக் கூப்பிட்டு, சரஸ்வதி பூஜை வருகிறதே, அன்றைக்காவது புஸ்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு நாள் முழுக்கத் தூங்கு என்று நல்ல வார்த்தையாகச் சொன்னதற்கு, நீ புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "வெச்சா எங்கண்ணன் மாதிரி ஆயிடும், என்னைச் சாவடிக்கப் பாக்குறீங்களா" என்று கத்தினாயாம். ஜெயம் பயந்துபோய் அன்று சமைக்கவே இல்லையாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். நடுவில் அழுது தொலைத்தால் எழுத்து கலைந்திருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

ஊர் விஷயம் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா எதையோ மறைக்கிறாள் என்பாய். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ரேஷன் அரிசிக்கு வரிசை நின்றால் மத்தியானம் ஆகிறது, நம் கடை இளையபெருமாள்தான் வேலையை விட்டுவிட்டு நமக்காகப் போய் நிற்கிறான், பாவம். செவ்வாய்க்கிழமை மகாளய அமாவாசை, அதனால் மேல்மலையனூருக்கு இப்போதே ஸ்பெஷல் பஸ் விட ஆரம்பித்துவிட்டார்கள். நம் கடை வழியாகத்தான் எல்லாம் போகிறது. பேயோட்டக் கூட்டிப்போகிற பெண்கள் ஜன்னலோரம் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முன்பெல்லாம் ஐயோ பாவம் என்று நினைப்பேன், இந்த வருஷம் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறேன். எதிர்வீட்டுப் பூவாயி சும்மா இருக்கமாட்டாள் அல்லவா, "நீயும் ஒரு அமாவாசைக்கு வந்து அங்காளம்மாகிட்ட கேளுக்கா, உன் பிள்ள படிச்சு முடிக்காம போனவன், புஸ்தகத்து மேலயே குந்திக்கினு இருக்கான், உன் பொண்ணையும் இஸ்துக்கப் பாக்குறான்" என்று தெருவில் வைத்துச் சொன்னாள். நான் விடுவேனா. என் பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்து படித்தால் உனக்கு இன்னாடி போச்சு, உன் வீட்டு விளக்கையா எரிக்கிறான் என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட்டுவிட்டேனே தவிர, உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அண்ணன் கோவிந்தராஜ் போன அன்று நீ ஊரில் இல்லை. திண்டிவனத்து அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாய். அதனால் நடந்ததை எல்லாம் நீ ஊர் வாயிலிருந்துதான் கேட்டாய், ஊர் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனான், சரஸ்வதி கோபித்துக்கொண்டாள் என்று ஒரு பக்கம். தாய்க்காரி புஸ்தகத்தைப் புடுங்கினா, சாமி பிள்ளையைப் புடுங்கிக்கிச்சு என்று ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து நீ மனசில் போட்டுப் பூட்டிக்கொண்டாய். நானும் உன்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள். அவனும் உன்னைப்போல இதே டாக்டர் காலேஜ் பரீட்சைக்குத்தான் படித்தான். பூஜைக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்தே அவன் என் பிள்ளையாக இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், ஆனால் பார்வை என் மேல் நிற்காது. சோற்றில் ரசமா மோரா என்று தெரியாமல் பிசைவான். ஒருநாள் மூக்கிலிருந்து இரத்தம் வந்து புஸ்தகத்தில் சொட்டியது, துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பூஜை அன்று காலையில் உன் நைனா கடையிலிருந்து தராசு, படி, எடைக்கல் எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். இவன் மட்டும் புஸ்தகத்தைத் தரமாட்டேன் என்றான். இன்னிக்கு மட்டும் உட்டுடும்மா, சாமிக்குத் தெரியும்மா என்று கெஞ்சினான். நான்தான் அவன் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பதுகூடச் சரியில்லை, இழுத்தேன். ஐந்து புஸ்தகத்தையும் அடுக்கி, மேலே பொட்டு வைத்து, பூ வைத்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் பொரி கடலையை அள்ளிச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை கேட்டுச் சாப்பிட்டான். எத்தனை நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்று அவன் வாயால் கேட்டேன் தெரியுமா.

படிக்கக் கூடாத நாள் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கோட்டைக்குத்தானே ஏறும். அவனையும் வந்து கூப்பிட்டார்கள், போனான். மலை மேல் அவன் சிரித்த சிரிப்பு கீழே வரைக்கும் கேட்டது, இவனா இப்படிச் சிரிக்கிறான் என்று நாங்களே அசந்துவிட்டோம் என்று கூடப் போன பிள்ளைகள் பிறகு அழுதுகொண்டே சொன்னார்கள். இறங்கி வரும்போது செட்டிக்குளத்தில் கால் கழுவப் போயிருக்கிறான். முதல் நாள்தான் மழை, படியெல்லாம் பாசி. நீச்சல் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது. பாசியில் வழுக்கினான். புஸ்தகத்தை மூடியதற்காக யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. மூடாமல் இருந்திருந்தால் அவன் இன்று இருந்திருப்பானோ என்று நானும் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மாதம் காணாமல் போயிருந்த என் பிள்ளை அந்த அரை நாள் எனக்குத் திரும்பக் கிடைத்தான், அதையும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீயே பார்த்ததுதான். விஜயதசமி அன்று மறுபூஜை செய்து புஸ்தகத்தை எடுத்து ஒரு வரியாவது படிக்கவேண்டும். வைத்தவர் கைதான் எடுக்கவேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அன்று வீட்டில் பூஜை ஏது. காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் எடுத்து வைக்கலாம் என்று போனபோது உன் நைனா, "வெச்சவன் வந்து எடுக்கட்டும், நீ தொடாதே" என்றார். அந்த ஒரு பேச்சில் மூன்று வருஷம் போய்விட்டது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து, பூ சருகாகி, நூல் மட்டும் மிஞ்சி, அந்த ஐந்து புஸ்தகமும் அங்கேயே இருந்தன. ஆயுத பூஜை அன்று கடைத்தெரு முழுக்க வாழைக்கன்றும் தோரணமுமாக இருக்கும், நம் கடை மட்டும் மொட்டையாக நிற்கும், அவர் தராசைப் பூஜையில் வைக்காமல் வியாபாரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வேறு கடைக்காரர்கள் ஜாடையாகப் பேசுவது அவர் காதில் விழாமலா இருக்கும்.

நீ பம்பாய் போன பிறகு நடந்ததைத்தான் உனக்கு எழுதவில்லை. மத்தியானம் உன் நைனா சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனதும் வீடு அடங்கிவிடும், அப்போது சாமி அறையில் சத்தம் கேட்கும். யாரோ அடிக்குரலில் படிப்பார்கள். கூடவே டொக்கு டொக்கு என்று சுவரில் இடிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும், அவன் காலை ஆட்டிக்கொண்டேதான் படிப்பான், குதிகால் சுவரில் இடிக்கும், நீகூட அவனோடு அதற்காகச் சண்டை போடுவாய். உன் நைனாவிடம் சொன்னேன். எலிடி, பொறி வெக்கிறேன் என்றார். பொறியும் வைத்தார், தேங்காய்ச் சில்லு அப்படியே காய்ந்தது. அப்புறம் ஒருநாள் நான் தண்ணீர் எடுத்துவரப் போனவள் சீக்கிரம் திரும்பிவிட்டேன். கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்த மனிதர் சாமி அறை வாசலில் நிற்கிறார். உள்ளே பார்த்து, "போதும்டா, கண்ணு எரியப் போவுது, வந்து ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் படி" என்கிறார். எத்தனை நாளாக இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாரோ. என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குப் பயமில்லை செந்தாமரை, என் பிள்ளையிடம் எனக்கு என்ன பயம். படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில நாள் சத்தம் வரவில்லை என்றால் எனக்கே என்னவோ போல இருக்கும்.

ஆனால் மாமா கடிதம் வந்த அன்று மத்தியானம் கேட்ட சத்தம் அவனுடையது இல்லை. குதிகால் இடிக்கவில்லை. ஒரு வரியை மூன்று தடவை சொல்லி, மூன்றாவது தடவை கடைசி வார்த்தையை இழுத்து நிறுத்துகிற குரல். அப்படிப் படிப்பது யார்? இந்த வீட்டில் அப்படிப் படித்த ஒரே ஆள் நீ. நீ பம்பாயில் மூச்சோடு இருக்கிறாய், உன் குரல் செத்துப்போன பிள்ளையின் புஸ்தகத்தோடு சேர்ந்து என் வீட்டு அறையில் கேட்கிறது. அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடினேன். யாரும் இல்லை. புஸ்தகம்தான் இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. உன் நைனா சாப்பிட உட்கார்ந்தபோது அந்த ஐந்தையும் எடுத்துவந்து அவர் இலைக்கு எதிரே வைத்தேன். விஜயதசமி வரைக்கும் காத்திருக்க என்னால் ஆகாது. அவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "இன்னாடி காரியம் பண்ற, வெச்சவன் எடுக்காம" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "அவன் எங்க வெச்சான்? அவன் வெக்கமாட்டேன்னு தானே அழுதான். வெச்சது நான். மூணு வருஷமா வெச்சவ அடுப்படியிலதான் இருக்கேன், நீங்க வராதவனுக்குக் காத்துக்கினு இருக்கீங்க" என்றேன். ஊரெல்லாம் நான்தான் வைத்தேன் என்று ஏசிற்று, அந்தப் பேச்சில் இருந்த இந்தச் சின்ன விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தோன்றாமல் போயிற்றோ. அவர் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புஸ்தகம் முழுக்க இங்கிலீஷ், எனக்கு என்ன தெரியும், அவருக்குத்தான் என்ன தெரியும். ஒரு வரியாவது படிக்கவேண்டுமே என்று நடுவில் பிரித்து, எனக்குத் தெரிந்த ஒன்றை, பக்க நம்பரை, நூற்று முப்பத்திரண்டு என்று சத்தமாகப் படித்தேன். அதைக் கேட்டு அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிள்ளையைக் கொண்டுவந்து போட்ட அன்றுகூட அழாத மனிதர். நான் தடுக்கவில்லை. இந்த வருஷம் தராசைப் பூஜைக்குக் கொண்டுவரட்டுமா என்று சாயங்காலம் என்னைக் கேட்டார், கொண்டுவாருங்கள் என்றேன்.

இதோடு சத்தம் நின்றுவிட்டது என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் இன்று மத்தியானமும் கேட்டது. அறையில் புஸ்தகமே இல்லை, வெறும் பலகைதான், இருந்தும் கேட்டது. அவன் குரல் இல்லை. உன் குரல்தான். மூன்றாவது தடவை இழுத்துத்தான் படித்தாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவன் உன்னை இழுக்கவில்லை, நீதான் அவன் விட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அவன் எழுதாத பரீட்சையை நான் எழுதுகிறேன் என்று நீ கிளம்பியபோது நானும் பெருமையாகத்தான் வண்டி ஏற்றினேன். எழுது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ உனக்காக எழுது. இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் எழுது, அதுவும் இல்லையென்றால் வேறு ஏதாவது படி. உன் நைனா, "அவ டாக்டர் ஆவலன்னா எனக்கு வைத்தியம் பாக்க ஆளே இல்லாமப் போயிடுமா, பொண்ணு வந்தாப் போதும்" என்று எழுதச் சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆகையால் நீ செய்யவேண்டியது இதுதான். சரஸ்வதி பூஜை அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, வெந்நீராக இருக்கட்டும், முழங்கைத் தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். புஸ்தகத்தை ஜெயம் வாங்கி வைக்கக் கூடாது, மாமாவும் வைக்கக் கூடாது, அவர்களுக்கும் தனியாக எழுதிவிட்டேன். நீயே உன் கையால் வை. மனசு வராவிட்டால் அழுதுகொண்டேயாவது வை, ஆனால் உன் கையால் வை. அப்போதுதான் மறுநாள் எடுக்கிற கையும் உன் கையாக இருக்கும். எடுத்து ஒரு வரி படித்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டு, டாக்டர் சொன்ன மீதி நாளைத் தூங்கிக் கழி. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு. இங்கிருந்து பொரிவிளங்காய் உருண்டை இளையபெருமாளிடம் கொடுத்து பார்சலில் போடச் சொல்லியிருக்கிறேன், மாமா பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு, நீயே பதுக்கிக்கொள்ளாதே.

பூஜை அன்று வீட்டில் அடைந்து கிடக்காதே, மாமா எங்கேயாவது கூட்டிப் போனால் போ. மேலே ஒரு வரியை நான் அடித்திருக்கிறேன் பார், கடற்கரைப் பக்கம் மட்டும் போகாதே என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே அடித்தேன். என் பயத்தையெல்லாம் நீ ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டாய், இனியும் கொடுத்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. போ, அலையில் கால் நனை. அன்று வாசலில் நின்று உன் அண்ணனிடம் நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் நைனாவுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என் வாயால் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை, சொன்னால் அவர்களும் போய்விடுவார்கள் என்று எனக்குள்ளே ஒரு பேய் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் இப்போது உனக்கு எழுதுகிறேன். "படிச்சது போதும் கண்ணு, கொஞ்ச நேரம் சந்தோசமா இருந்துட்டு வா" என்றேன். அதேதான் உனக்கும், என் கண்ணே.

உடம்பும் மனசும் தேறி, பல்லாண்டு பசியும் தூக்கமும் சிரிப்புமாக நீ இருக்க அங்காளம்மனும் நம் குலதெய்வமும் துணை இருக்கட்டும். மாமாவுக்கும் அத்தைக்கும் எங்கள் அன்பைச் சொல், பிள்ளைகளுக்கு முத்தம். மறக்காதே, விஜயதசமி காலையில் புஸ்தகத்தை எடுத்ததும் ஒரு கார்டு போடு. நீட்டி எழுதவேண்டாம், எடுத்தேன் என்று ஒரு வார்த்தை போதும், ஆனால் உன் கையெழுத்தாக இருக்கட்டும். அது வருகிற வரைக்கும் மத்தியானத்தில் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கமாட்டேன், உன் நைனாவோடு கடையில் போய் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
நீலாவதி